பள்ளிகளுக்கிடையே ஓரியன்டீரிங் லீக்: கொங்குப் பகுதியில் தொடங்கும் முறை

வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டும் துணையாகக் கொண்டு, பழக்கமில்லாத நிலத்தில் குறிக்கப்பட்ட இடங்களை வரிசை மாறாமல் கண்டுபிடித்து, குறைந்த நேரத்தில் முடிவிடத்தை அடைவதே ஓரியன்டீரிங். பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897-இல் நார்வேயில் நடந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1961-இல் உருவானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் போன்ற இடங்களில் பள்ளிகள் அணியணியாகச் சேர்ந்து, போட்டிக்குப் போட்டி புள்ளிகளைக் கூட்டிக்கொண்டு போகும் லீக் முறையில் இதை நடத்துகின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் வட்டாரங்களில் அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகள் மனம் வைத்தால் இங்கும் அதைத் தொடங்கிவிடலாம். ஓட்டத்தில் எப்போதும் கடைசியில் வரும் பிள்ளை, நின்று நிதானித்து நிலத்தைப் படிக்கத் தெரிந்த காரணத்தால் முதலிடம் பெறக்கூடிய விளையாட்டு இது. அதனாலேயே இது ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச்சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் வேண்டியது பள்ளி வளாகத்தின் வரைபடம். ஓப்பன் ஓரியன்டீரிங் மேப்பர் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து அதில் வரைந்து, பின்பு வளாகம் முழுவதும் கால்நடையாகச் சுற்றி ஒவ்வொரு மரத்தையும் சுவரையும் சரிபார்க்க வேண்டும். 1:2500 என்ற அளவில் ஒரு சென்டிமீட்டர் 25 மீட்டரைக் குறிக்கும். சிறிய வளாகமாக இருந்தால் 1:1000 போதும். இந்த வரைபடங்களின் நிறங்கள் பாடநூல் வரைபடத்திலிருந்து வேறுபட்டவை என்பதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மஞ்சள் திறந்த வெளியையும், வெள்ளை தடையின்றி ஓடக்கூடிய மரக்கூட்டத்தையும், பச்சை நுழையக் கடினமான புதரையும் குறிக்கும். நம் ஊர் வேலிக்காத்தான் புதர் அடர்பச்சையில்தான் வரும். சம உயரக் கோடுகள் பழுப்பிலும், நீர்நிலைகள் நீலத்திலும், பாறையும் வேலியும் பாதையும் கறுப்பிலும் இருக்கும். இவற்றின் மேல் ஊதா நிறத்தில் தொடக்கம் முக்கோணமாகவும், கண்ட்ரோல் எனப்படும் ஒவ்வோர் இலக்கும் எண்ணிட்ட வட்டமாகவும், முடிவிடம் இரட்டை வட்டமாகவும் அச்சிடப்படும்.

பயிற்சியின் முதல் சில வாரங்களில் இரண்டு பழக்கங்களைத்தான் நான் வற்புறுத்துவேன். முதலாவது, உடல் திரும்பும்போதெல்லாம் வரைபடத்தையும் திருப்பிப் பிடிப்பது. வடக்கு நோக்கிப் போகும் மாணவி கிழக்கே திரும்பினால், தாளில் உள்ள வடக்குக் கோடுகள் தரையின் வடக்கையே பார்த்தபடி இருக்குமாறு கையிலுள்ள தாளைச் சுழற்ற வேண்டும். இரண்டாவதாக, தாளைச் சிறிதாக மடித்து, தான் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்திக்கொண்டே போனால், கண்ணை எடுத்துவிட்டு மீண்டும் பார்க்கும்போது இடத்தைத் தேட வேண்டியிருக்காது. இந்த இரண்டும் கைவந்த பிள்ளைக்கு மற்றவை தாமாகவே வரும். கைவராத பிள்ளை எவ்வளவு வேகமாக ஓடினாலும் வழி தவறும். ஆகவே முதல் மாதத்தில் நேரத்தை அளக்கவே வேண்டாம், நடந்தே போகட்டும்.

திசைகாட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகே செல்வதால், வட ஐரோப்பாவுக்கென்று எடை சரிசெய்யப்பட்ட முள் இங்கு சாய்ந்து உரசும். எந்தப் பகுதிக்கும் பொருந்தும் முள் உள்ளதையோ, நம் பகுதிக்கென்று சமன்செய்யப்பட்டதையோ கேட்டு வாங்குவது நல்லது.

வளாகம் பழகியபின் வெளியே போகலாம். அந்த வகையில் கொங்கு நிலம் கற்பவருக்கு மிகவும் ஒத்தாசையானது. இருபுறமும் வேலியுள்ள வண்டித்தடமான இட்டேரியும், மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றிய கிளுவை வேலியும், வாய்க்கால் கரையும் தரையிலேயே கோடு போட்டு வைத்தாற்போல நீள்கின்றன. மூன்றாம் கண்ட்ரோல் ஒரு புளியமரத்தடியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர் குறுக்கே பாயாமல் இட்டேரியைப் பிடித்துப் போய், வேலி முடிந்து பள்ளத்தைக் கடக்கும் தரைப்பாலம் வரை வேகமாக ஓடலாம், ஏனெனில் அது தவறவிட முடியாத அடையாளம். அங்கிருந்து மரம் வரையுள்ள 60 மீட்டருக்கு மட்டும் திசை பார்த்து, அடிகளை எண்ணி, மெதுவாகப் போக வேண்டும். மரத்துக்கு அப்பால் தார்ச்சாலை தென்பட்டுவிட்டால் தாண்டிவிட்டோம் என்று பொருள். உடனே திரும்பித் தரைப்பாலத்துக்கே வந்து மீண்டும் தொடங்க வேண்டும். தெரியாத இடத்தில் சுற்றிச்சுற்றித் தேடுவதைவிடத் தெரிந்த இடத்துக்குத் திரும்புவதே விரைவான வழி. அடிகளை எண்ணுவதற்கு, 100 மீட்டர் ஓட்டப்பாதையில் தத்தம் அடிக்கணக்கை மாணவர்கள் முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும்.

செலவு பெரிதாக ஆகாது. ஒவ்வொரு கண்ட்ரோலிலும் தொங்கவிட, பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள முப்பட்டைக் கொடியை ஆரஞ்சு, வெள்ளைத் துணியில் உள்ளூர்த் தையற்கடையிலேயே தைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கொடியிலும் வெவ்வேறு வடிவில் துளையிடும் பஞ்ச் ஒன்றைக் கட்டிவிட்டு, அங்கு வந்ததற்குச் சான்றாகத் துளையிட்டுக்கொள்ள மாணவர் கையில் ஓர் அட்டை கொடுத்தால் போதும். மின்னணுச் சாதனங்களைப் பின்னால் யோசிக்கலாம்.

லீக்கிற்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு போட்டியை ஏற்று நடத்துவதே எளிய ஏற்பாடு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செய்வதைப் போலத் தடங்களை எளியதிலிருந்து கடினமானதுவரை வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று தரம் பிரிக்கலாம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் தடம். ஒன்றரைக் கிலோமீட்டருக்குள், முழுக்கப் பாதையோரமாக, வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்ட்ரோல் இருக்க வேண்டும். இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புங்கள். தனியாகப் போனால்தான் சொந்தமாக முடிவெடுக்கப் பழகுவார்கள். ஒரு கண்ட்ரோலை விட்டாலும் அந்த ஓட்டம் கணக்கில் வராது. பள்ளியின் சிறந்த மூவரின் புள்ளிகளைக் கூட்டி அணிநிலையைக் கணக்கிடலாம். காற்று வீசி வெயில் தணிந்திருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், பொதுத்தேர்வுக்கு முந்தைய ஜனவரியிலும் போட்டிகளை வைத்தால் மழையும் தேர்வும் குறுக்கிடா. என்.சி.சி., சாரணர் இயக்கம் உள்ள பள்ளிகளில் வரைபடம் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஏற்கெனவே இருப்பார், அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

பாதுகாப்பில் எந்தத் தளர்வும் கூடாது. கொங்குக் காட்டு வெளியில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் பல உள்ளன. தடம் அமைப்பவர் ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, வரைபடத்தில் ஊதாக் கோடுகளால் தடைப்பகுதியாக்கி, அருகில் ஒரு பெரியவரை நிறுத்த வேண்டும். நீரோடும் வாய்க்காலைக் கடக்குமாறு தடம் அமைக்கவே கூடாது. காட்டுக்காரரிடம், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரரிடம், முன்னதாகவே நேரில் போய் அனுமதி பெற வேண்டும்; வனத்துறை நிலமானால் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பிள்ளையிடமும் விசிலும் தண்ணீரும் இருக்கட்டும். பாதியில் நிறுத்தினாலும் முடிவிடத்தில் வந்து பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது கட்டாய விதி. தொடங்கியவர் எண்ணிக்கையும் திரும்பியவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை ஒரு கொடியையும் கழற்றக் கூடாது.