ஆங்கிலத்தில் ஒரு சொல், கிரேக்கத்தில் பல: பொருள் பிரித்து மொழிபெயர்க்கும் முறை

ஆங்கிலத்திலிருந்து கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கத் தொடங்குபவரை அரிய சொற்கள் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. அவற்றுக்கு அகராதியில் பெரும்பாலும் ஒரே விடைதான் இருக்கும், எடுத்து எழுதிவிடலாம். ‘டைம்’, ‘ரைட்’, ‘லைட்’, ‘கிளாஸ்’, ‘லீவ்’ போன்ற தினசரிச் சொற்களுக்குத்தான் அகராதி பல கிரேக்கச் சொற்களை வரிசையாக அடுக்கிவிட்டு, தேர்வை நம் தலையில் கட்டிவிடுகிறது. அவசரத்தில் முதலில் இருப்பதை எடுத்துவிடுகிறோம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்த்தால், அந்தச் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் தமிழே காட்டிக் கொடுத்துவிடும். தமிழே நம்மைக் கவிழ்க்கும் இடங்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே கிரேக்கச் சொற்களை ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தருகிறேன். இவற்றில் வரும் ‘த’ சில இடங்களில் ‘அது’ என்பதில் ஒலிப்பதுபோல மென்மையாகவும், சில இடங்களில் வன்மையாகவும் ஒலிக்கும் என்பதால், எழுத்துக்கூட்டலைக் கிரேக்க அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

‘டைம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். “மணி என்ன?” என்று தமிழில் வருமிடத்தில் கிரேக்கத்தில் ‘ஓரா’ வரும்: “தி ஓரா ஈனே?” “எனக்கு நேரமில்லை” என்று வந்தால் ‘ஹ்ரோனோஸ்’: “தென் எஹோ ஹ்ரோனோ.” “மூன்று தடவை” என்றால் ‘ஃபொரா’ என்பதன் பன்மை: “த்ரிஸ் ஃபொரேஸ்.” “உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு” என்றால் ‘கெரோஸ்’: “எஹோ கெரோ நா ஸெ தோ.” ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நின்றது தமிழில் மணி, நேரம், தடவை, நாள் என்று நான்காகப் பிரிந்ததையும், ஏறக்குறைய அதே இடங்களில் கிரேக்கமும் பிரிவதையும் கவனியுங்கள். ஆனால் எல்லை அச்சாக ஒன்றல்ல. ‘கெரோஸ்’ வானிலையையும் குறிக்கும். ‘ஹ்ரோனோஸ்’ ஆண்டையும் குறிக்கும், பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் கிரேக்கர்கள் சொல்லும் “ஹ்ரோனியா பொல்லா” என்ற வாழ்த்து ‘பல்லாண்டு’ என்பதேதான்.

‘ரைட்’ இன்னும் எளிது. வலது என்றால் ‘தெக்ஸியா’, சரியான விடை என்றால் ‘ஸொஸ்தோஸ்’, உரிமை என்றால் ‘திக்கேயோமா’. சிக்கல் “நீங்கள் சொல்வது சரி” என்பதில்தான் இருக்கிறது. இங்கே கிரேக்கர் “எஹிஸ் தீக்கியோ” என்பார், அதாவது நியாயம் உன்னிடம் இருக்கிறது. அந்த இடத்தில் ‘ஸொஸ்தோஸ்’ போட்டு “நீ ஸொஸ்தோஸ்” என்று அமைத்தால், அவர் நேர்மையான ஆள் என்று பாராட்டுவதாக அர்த்தம் திரும்பிவிடும். ‘லைட்’ என்பதிலும் இதே கதைதான்: விளக்கொளிக்கு ‘ஃபோஸ்’, கனமில்லாத பைக்கு ‘எலஃப்ரீஸ்’, வெளிர்நீலத்துக்கு ‘அனிஹ்தோ ப்ளே’, சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘திறந்த நீலம்’.

இனி தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடங்கள். ‘கேள்’ என்ற நம் சொல் கேள்வி கேட்பது, பொருளைக் கேட்டு வாங்குவது, காதால் கேட்பது ஆகிய மூன்றையும் தாங்குகிறது. ஆங்கிலத்தின் ‘ஆஸ்க்’ முதல் இரண்டைத் தாங்கும். கிரேக்கம் மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறது: கேள்வி கேட்க ‘ரொத்தாவோ’, வேண்டும் என்று கேட்க ‘ஸித்தாவோ’, காதால் கேட்க ‘அக்கூவோ’. உணவகத்தில் பில்லைக் கேட்பதற்கு ‘ரொத்தாவோ’வைப் போட்டால், பணியாளரை விட்டுவிட்டு அந்தச் சீட்டிடமே நாம் கேள்வி கேட்டதாக ஆகும். ஆகவே தமிழாக்கத்தில் ‘கேள்’ வந்தால் அங்கேயே நின்று, ‘விசாரி’ என்று மாற்ற முடிகிறதா, ‘வேண்டு’ என்று மாற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிரேக்கத்துக்குப் போக வேண்டும்.

இந்த முறையை ஒரு முழு வாக்கியத்தில் பார்ப்போம். “ஹி லெஃப்ட் த கிளாஸஸ் ஆன் த டேபிள் அண்ட் லெஃப்ட்” என்ற எளிய வாக்கியத்தில் இரட்டைப் பொருள் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது. இரண்டு ‘லெஃப்ட்’டும் ஒன்றல்ல என்பதைத் தமிழ் உடனே காட்டிவிடும்: முதலாவது வைத்துவிட்டு, இரண்டாவது போய்விட்டார். கிரேக்கத்திலும் முன்னது ‘அஃபீனோ’, பின்னது ‘ஃபெவ்கோ’. ‘கிளாஸஸ்’ என்பதற்குத் தமிழில் ‘கண்ணாடி’ என்று எழுதியவுடன் வேலை முடிந்ததாக நினைத்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் நம் ‘கண்ணாடி’யும் அதே அளவுக்குக் குழப்பமானது. மூக்குக்கண்ணாடி ‘யால்யா’, குடிக்கும் கண்ணாடிக் குவளைகள் ‘பொத்தீரியா’, முகம் பார்ப்பது ‘கத்ரெஃப்திஸ்’, ஜன்னலில் இருப்பது ‘ட்ஸாமி’, பொருளாக மட்டும் பேசினால் ‘யாலி’. முந்தைய வாக்கியத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தாரா, குடித்துக்கொண்டிருந்தாரா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். படித்துக்கொண்டிருந்தார் என்றால், “ஆஃபிஸே தா யால்யா ஸ்தோ த்ரப்பேஸி கே எஃபியே.” இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது: வேண்டுமென்றே வைத்தாரா, மறந்துவிட்டாரா? மறந்துவிட்டார் என்றால் ‘ஆஃபிஸே’ இருந்த இடத்தில் ‘க்ஸேஹஸே’ வருவதே இயல்பு. மேசைக்கு ‘த்ரப்பேஸி’ என்று பார்த்தோம். வங்கிக்குக் கிரேக்கச் சொல் ‘த்ராப்பெஸா’. பழங்காலத்தில் பணம் மாற்றுபவர் போட்டு உட்கார்ந்த மேசையிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் ஆற்றங்கரை என்ற பொருளில் ‘பேங்க்’ வந்தால் ‘ஓஹ்தி’ என்றுதான் எழுத வேண்டும்.

சில இடங்களில் சொல்லோடு வாக்கிய அமைப்பும் மாறும். அங்கே தமிழர்களுக்கு ஆங்கிலேயரைவிட வேலை குறைவு. ‘லைக்’ என்பது ‘போல’ என்ற பொருளில் வந்தால் ‘ஸான்’. ‘பிடிக்கும்’ என்ற பொருளில் வந்தால் “மு அரேஸி”, அதாவது நம் “எனக்குப் பிடிக்கிறது” என்பதேதான். பிடித்தவை பலவானால் வினை “அரேஸுன்” என்று பன்மையாகும். ‘மிஸ்’ என்பதிலும் அப்படியே. பேருந்தைத் தவறவிட்டால் “ஏஹஸா தோ லெயோஃபொரீயோ”, பிரிந்தவரை நினைத்து ஏங்கினால் “மு லீப்பிஸ்”, அதாவது நீ எனக்கு இல்லாமல் இருக்கிறாய். அதேபோல ‘யூ’ என்பது நீயா நீங்களா என்று முடிவெடுப்பது நமக்குப் பழகிப்போனதுதான்: ‘எஸீ’, ‘எஸிஸ்’.

எதிர்த்திசையிலும் ஒரு சிறு நிம்மதி உண்டு. ஆங்கிலம் ‘ஆர்ம்’, ‘ஹேண்ட்’ என்று பிரிப்பதைக் கிரேக்கம் ‘ஹேரி’ என்ற ஒரே சொல்லில் அடக்கும், நம் ‘கை’யைப் போல. ‘லெக்’, ‘ஃபுட்’ இரண்டும் ‘போதி’, நம் ‘கால்’. கைவிரலும் கால்விரலும் ‘தாஹ்திலோ’. இவற்றுக்கு இரண்டு சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொருள் பிரிந்த பிறகும் அகராதி இரண்டு சொற்களைக் காட்டினால், அது பெரும்பாலும் நடை வேறுபாடு. பேச்சு வழக்கை ஒட்டிய ‘திமொத்திக்கி’ 1976-இல் அரசு மொழியாகும் வரை, பழமையைத் தழுவிய ‘கதரேவூஸா’தான் அலுவல் நடையாக இருந்தது, அதன் எச்சங்கள் இன்றும் பெயர்ப்பலகைகளில் வாழ்கின்றன. ரொட்டி வாங்கப் போனால் ‘ப்ஸொமி’ என்று கேட்போம், கடையின் பலகையிலோ ‘ஆர்தோஸ்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்த ‘அர்தொப்பியீயோ’ இருக்கும். மேசையில் இருப்பது ‘க்ரஸி’, புட்டியின் ஒட்டுச்சீட்டில் ‘ஈனோஸ்’. ‘ஓல்ட்’ என்ற சொல்லுக்கும் நடை பார்க்க வேண்டும்: பழைய நண்பருக்கு ‘பல்யோஸ்’, வயதானவருக்கு மரியாதையாக ‘இலிக்கியொமேனோஸ்’. ‘யேரோஸ்’ என்றால் கிழவன். அழுத்தத்தைக் கடைசி அசைக்கு மாற்றிவிட்டால் அது ‘திடமானவன்’ என்றாகிவிடும்.

தேர்ந்தெடுத்த சொல்லைத் திரும்பத் தேடிப் பார்ப்பது கடைசி வேலை. தெஸ்ஸலொனீக்கியின் திரியந்தஃபிலீதிஸ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட நவீன கிரேக்க அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சொல்லைப் போட்டு, விளக்கத்தைவிட எடுத்துக்காட்டுகளைப் படியுங்கள். ‘ஃப்ரீ’ என்பதற்கு, கட்டுப்பாடற்றது என்றால் ‘எலெஃப்தெரோஸ்’, காசில்லாமல் என்றால் ‘தொரேயான்’ என்று பிரித்து மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் நுழைவுக் கட்டணம் இல்லை என்பதை அறிவிப்புகளில் “ஈஸொதோஸ் எலெஃப்தெரி” என்றே எழுதுகிறார்கள். இத்தகைய விலக்குகளை எடுத்துக்காட்டில்தான் பிடிக்க முடியும். இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால், தனிச் சொல்லைப் போடாமல் முன்பின் வாக்கியங்களோடு சேர்த்துப் போடுங்கள். குறிப்பேட்டில் எழுதும்போது பெயர்ச்சொல்லை அதன் பாலைக் காட்டி முன்னால் நிற்கும் ‘ஓ’, ‘இ’, ‘தோ’ என்ற சொல்லோடு (ஆங்கிலத்தின் ‘த’ போன்றது) ஒரு முழு வாக்கியத்துக்குள் எழுதி, ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாக வைக்காமல், அது நின்ற தமிழ்ப் பொருளை வையுங்கள்: ‘டைம்’ என்ற ஒரே பக்கத்துக்குப் பதிலாக மணி, நேரம், தடவை, நாள் என்று நான்கு பக்கங்கள்.