பழைய கேமரா போனில் வீடியோ கால் நடக்குமா? பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டில் எங்கள் பேச்சு முழுக்கச் சைகை மொழிதான். 2004இல் நோக்கியா 6600 ஒன்றை வாங்கி வந்து காட்டினேன். பின்னால் இருந்த கேமராவைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் கேட்டது இதுதான்: "கடையிலிருந்து நீ என்னோடு இதில் பேசலாமா?" சென்னை ரிச்சி தெருவில் செல்போன் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பதில் தெரியவில்லை. அதற்காகவே கையில் கிடைத்த போனையெல்லாம் சோதித்தேன். இப்போது பழைய போன்களைத் தேடி வாங்கும் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள். நான் சோதித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் போனின் முன்பக்கம் பாருங்கள். திரைக்கு மேலே மிளகு அளவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்க வேண்டும். அதுதான் உங்கள் முகத்தைப் பார்க்கும் கேமரா. 6600இல் அது இல்லை. பின் கேமராவை உங்கள் பக்கம் திருப்பினால் திரை அந்தப் பக்கம் போய்விடும். நீங்கள் பேசலாம், எதிரில் இருப்பவர் பேசுவதைப் பார்க்க முடியாது. வாங்கும்போது மாடல் எண்ணை நன்றாகப் படியுங்கள். நோக்கியா என்70-உம் என்72-உம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். என்70-க்கு முன் கேமராவும் 3ஜியும் உண்டு, என்72-க்கு இரண்டுமே இல்லை. சோனி எரிக்சன் கே800, கே790 விஷயமும் இப்படித்தான்: கே800இல் உண்டு, கே790இல் கிடையாது.

கண்ணாடி இருக்கிறதா? சரி, அடுத்து செட்டிங்ஸுக்குள் போய் நெட்வொர்க் பகுதியைத் திறங்கள். அங்கே 'டூயல் மோடு' அல்லது 'யூஎம்டிஎஸ்' என்று இருந்தால் அது 3ஜி போன். பிறகு ஒரு எண்ணை அடித்து, ஆப்ஷன்ஸில் 'கால்' என்பதைத் திறந்தால் 'வீடியோ கால்' என்று தனியாக ஒரு வரி வரும். அது வந்தால் போன் தயார் என்று அர்த்தம்.

"ஜிபிஆர்எஸ் இருக்கிறதே, அதில் ஏதாவது செய்ய முடியாதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். ஜிபிஆர்எஸ் என்பது 2ஜி போனில் வந்த மெதுவான இன்டர்நெட். நானும் அதில்தான் நிறைய நாள் செலவழித்தேன். கணக்கு போட்டுப் பாருங்கள். அந்தக் கால வீடியோ காலின் படம் 176-க்கு 144 புள்ளிதான். ஒரு படத்துக்குச் சுமார் 3 லட்சம் பிட் (தகவலின் மிகச் சிறிய அளவு). நொடிக்குப் பத்துப் படம் என்றால் 30 லட்சம் பிட். எச்.263 என்ற சுருக்கும் முறை, படத்துக்குப் படம் மாறிய இடத்தை மட்டும் அனுப்பி இதை நொடிக்கு 45 ஆயிரம் பிட் அளவுக்குக் கொண்டுவரும். ஜிபிஆர்எஸ் போனில் பொதுவாக நமக்கு வரும் பாதை அகலம், நாம் அனுப்பும் பாதை குறுகல். அனுப்ப இரண்டு ஸ்லாட் (பலர் பகிரும் அலைவரிசையில் நமக்குக் கிடைக்கும் நேரப் பங்கு) கிடைத்தாலும், வழக்கமாக வருவது அதிகபட்சம் நொடிக்கு 27 ஆயிரம் பிட் அளவுக்குத்தான். அதுவும் சீராக வராது, விட்டு விட்டு வரும். கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும். 1999இலேயே ஜப்பானில் கியோசெரா விபி-210 என்ற வீடியோ போன் வந்தது. அதில் நொடிக்கு இரண்டு படம். முகம் பார்த்துச் சந்தோஷப்பட அது போதும், சைகையைப் படிக்கப் போதாது.

3ஜி வீடியோ கால் இன்டர்நெட் வழியாகப் போவதில்லை. சாதாரண அழைப்பு மாதிரியே, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 ஆயிரம் பிட்) அகலத்தில் ஒரு பாதையை உங்கள் இருவருக்கு மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். அதில் குரலுக்கு 12.2, இணைப்பை நடத்தும் தகவலுக்குக் கொஞ்சம் போக மிச்சம் படத்துக்கு. பாதை குறுகியதுதான், ஆனால் சீரானது. அதனால்தான் நடந்தது. ஒரு கண்டிஷன்: இரண்டு முனையிலும் 3ஜி போன், 3ஜி சிக்னல் வேண்டும். பேசிக்கொண்டே சிக்னல் 2ஜிக்கு இறங்கினால் கால் அறுந்துவிடும். ஜன்னல் பக்கமாக ஓர் இடம் பார்த்து அங்கேயே உட்காருங்கள்.

சென்னைக்கு 3ஜி வந்தது 2009 பிப்ரவரியில். தம்பிக்கு என்73, எனக்குப் பழைய 6680. முதல் அழைப்பில் முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. விரல்கள் எல்லாம் ஒரே குழப்பமான கட்டங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம்.

போனைக் கையில் பிடிக்காதீர்கள். இந்தியச் சைகை மொழியில் எழுத்துக்கூட்ட இரண்டு கையும் வேண்டும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்து, இடுப்பு வரை தெரிகிற மாதிரி தள்ளி உட்காருங்கள். பின்னால் ஃபேன் சுற்றினாலோ திரைச்சீலை ஆடினாலோ நிறுத்திவிடுங்கள்; அசைகிற எல்லாவற்றுக்கும் அந்த 45 ஆயிரத்திலிருந்துதான் பங்கு போகும், உங்கள் விரலுக்கு மிஞ்சாது. வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு பேசுவோம். கட்டம் போட்ட சட்டை வேண்டாம், வெற்று நிறம் நல்லது. விளக்கு முகத்துக்கு எதிரே இருக்கட்டும். பிறகு வீடியோ பிரிஃபரன்ஸ் என்ற மெனுவில் 'ஸ்மூதர் மோஷன்' தேர்ந்தெடுங்கள். படம் கொஞ்சம் மங்கும், அசைவு தெளியும். சைகைக்கு அதுதான் முக்கியம். பெயர்களை எழுத்துக்கூட்டும்போது மட்டும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஈவ் ரிஸ்கின், ரிச்சர்ட் லாட்னர் குழுவினர் மொபைல்ஏஎஸ்எல் (ஏஎஸ்எல் என்றால் அமெரிக்கச் சைகை மொழி) என்ற திட்டத்தில் இதையே போனின் மென்பொருளுக்குள் செய்தார்கள்: முகத்துக்கும் கைக்கும் அதிகப் பிட், பின்னணிக்குக் குறைவு. அதைப் படித்தபோது நாங்கள் ஃபேனை நிறுத்தியது சரிதான் என்று நிம்மதியாக இருந்தது.

இன்று 3ஜி பெரும்பாலான இடங்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. என்73இல் வைஃபையும் இல்லை. அந்த மெனு வரி இருக்கும், அழுத்தினால் போக வழி இருக்காது. வீடியோ காலுக்காகவே வாங்குவதாக இருந்தால் வேண்டாம்.

முன் கேமரா இல்லாத போனில் நாங்கள் செய்தது வேறு. 6600இல் பத்து நொடி 3ஜிபி வீடியோ (.3gp என்று முடியும் சின்னக் கோப்பு) எடுத்து எம்எம்எஸ்ஸில், அதாவது படமும் வீடியோவும் போகும் மெசேஜில், அனுப்புவோம். அவன் பதிலுக்கு ஒன்று எடுத்து அனுப்புவான். கடிதம் மாதிரிதான், ஆனால் அவன் கையால் எழுதிய கடிதம். அதனால் பழைய போன் கிடைத்தால் மெமரி கார்டை ஃபார்மேட் பண்ணுவதற்கு முன்னால் கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். 3ஜிபி கோப்புகள் இருந்தால் கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடும். உங்கள் வீட்டு கார்டு என்றால் முதலில் நகல் எடுங்கள். 6600இன் எம்எம்சி என்ற பழைய வகை மெமரி கார்டில் எனக்குப் பதினேழு கிடந்தன. ஒன்றில் தம்பி, மண்ணெண்ணெய் வந்துவிட்டது, ரேஷன் கார்டு எங்கே என்று கேட்கிறான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்ற என் பதிலும் அதற்கு அடுத்த கோப்பில் இருக்கிறது.