தட்டணு குறைந்தால் இரத்தம் உறையாதா? ஐ.டி.பி. நோயாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.டி.பி. (இம்யூன் த்ரோம்போசைட்டோபீனியா) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோயில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, இரத்தத்தை உறையச் செய்யும் சொந்தத் தட்டணுக்களை (பிளேட்லெட்) பகையாக எண்ணி அவற்றின்மேல் எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடி) படியவிடுகிறது. அப்படி அடையாளமிடப்பட்ட தட்டணுக்களை மண்ணீரல் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, எலும்பு மஜ்ஜையில் புதிய தட்டணுக்கள் உருவாவதும் தடைபடுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கி, அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே இந்நோயின் பெயர் சொல்லப்படுகிறது. நோயாளிகளும் குடும்பத்தினரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, அறிக்கையில் இருக்கும் அந்த ஓர் எண்ணையே நோய் என்று நினைத்துக்கொள்வதிலிருந்து பிறக்கின்றன.

முதலில் அந்த எண்ணே மெய்யா என்று பார்க்க வேண்டும். பரிசோதனைக்காக எடுக்கும் இரத்தம் ஊதா நிற மூடியுள்ள குழாயில் சேகரிக்கப்படுகிறது. அதில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலருடைய தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்துவிடும். கருவி அந்தக் கொத்துகளைத் தட்டணுக்களாக எண்ணுவதில்லை. எனவே எந்த நோயும் இல்லாத ஒருவருக்குக்கூட நாற்பதாயிரம் என்று அறிக்கை வரலாம். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்தாலோ, சிட்ரேட் கலந்த நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்துச் சோதித்தாலோ உண்மை தெரிந்துவிடும். இதைச் செய்யாமல், நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவது வீண் வைத்தியம்.

நம் ஊரில் தட்டணு என்றாலே டெங்கு நினைவுக்கு வந்துவிடுவதால், பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் உடனே வந்துவிடுகிறது. டெங்குவில் காய்ச்சல் தணிந்த சில நாட்களில் தட்டணுக்கள் தாமாகவே ஏறிவிடும். அந்தப் பெருமை அதற்குமுன் குடித்த சாற்றுக்குப் போய்ச் சேர்கிறது. ஐ.டி.பி. நோய் வேறு வகையில் உண்டாவது. இதில் அந்தச் சாறு பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. சாறு குடித்துக் காத்திருக்கும் நாட்களில் சிகிச்சை தள்ளிப்போவதுதான் இதிலுள்ள ஆபத்து.

"தட்டணு ஏற்றிவிடுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்துவது அடுத்த தவறு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், இந்நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திலேயே அவருடைய தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கின. வலிப்பு வந்து, சில நாட்கள் கழித்தே தேறினார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத அந்தச் சோதனையின் முடிவு 1951-இல் வெளியானபோது, தட்டணுக்களை அழிக்கும் பொருள் நோயாளியின் இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது தெளிவாயிற்று. அப்படியிருக்க, வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களுக்கும் அதே கதிதான் நேரும். உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவின்போது, ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் மருந்துகளோடு சேர்த்துத் தட்டணு ஏற்றுவது முறையே. எண்ணை உயர்த்திக் காட்டுவதற்காக மட்டும் ஏற்றுவது பயனற்றது. மேலும், டி.டி.பி. என்ற வேறொரு நோயிலும் தட்டணுக்கள் இதேபோல் குறையும். அதில் நுண்ணிய இரத்தக்குழாய்களெங்கும் இரத்தக் கட்டிகள் உருவாகிக்கொண்டிருப்பதால், தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

எண்ணுக்கும் இரத்தக்கசிவுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அன்று. இருபதாயிரத்தில் வேலைக்குப் போய்வருபவர்களும் உண்டு. அதே அளவில் வாயில் இரத்தக் கொப்புளங்களோடு வருபவர்களும் உண்டு. பெரியவர்களில் முப்பதாயிரத்துக்குக் கீழே போகும்போது சிகிச்சை தொடங்குவது பொதுவான வழக்கம்; ஆயினும் வயது, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மற்ற மருந்துகள், ஏற்கெனவே கசிவு ஏற்பட்டிருக்கிறதா என்பவையெல்லாம் முடிவை மாற்றும். குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் தாமே குணமடைந்துவிடுவதால், தோலில் சிவப்புப் புள்ளிகளும் கன்றிய தடங்களும் தவிர வேறொன்றும் இல்லையென்றால், எண் குறைவாக இருந்தாலும் மருந்தின்றிக் கண்காணிப்பதே பரிந்துரைக்கப்படுகிறது. பெற்றோருக்கு இது கடினமான அறிவுரைதான், ஆனால் சரியானது. கடுந்தலைவலி, கறுப்பு நிற மலம், நிற்காத மூக்கிரத்தம், சிறுநீரில் இரத்தம் ஆகியவை தோன்றினால் மட்டும், எண் எதுவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி மாத்திரைகள் செய்யும் கேடு அடிக்கடி கவனிக்கப்படாமல் போகிறது. ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்காமலேயே அவற்றின் வேலையைக் கெடுத்துவிடும். ஆகவே அறிக்கையில் மாற்றமில்லாமல் ஆபத்து மட்டும் கூடும். மருந்துக் கடையில் "முதுகு வலிக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் இவற்றில் ஒன்று இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். இடுப்பில் போடும் ஊசியையும், தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால், தவிர்க்க வேண்டும். ஊசி போட்டால்தான் உடனே கேட்கும் என்ற நம்பிக்கை இந்நோயில் உதவாது.

இனி, பலரும் எதிர்பாராத பக்கம். தட்டணு குறைவாக இருப்பதால் இரத்தம் நீர்த்தே இருக்கும், உறைவு வராது என்று எண்ணுவதே இந்நோயில் மிக ஆபத்தான தவறு என்பது என் கருத்து. உண்மையில் ஐ.டி.பி. நோயாளிகளுக்கு இரத்த உறைவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே அதிகம். புதிதாக மஜ்ஜையிலிருந்து வெளிவரும் தட்டணுக்கள் அளவில் பெரியவை, ஒட்டும் தன்மையும் மிகுந்தவை. சிதையும் தட்டணுக்களிலிருந்து உதிரும் துணுக்குகளும் உறைதலைத் தூண்டுகின்றன. சிலரது இரத்தத்தில், உறைவைத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்புரதங்களும் சேர்ந்திருக்கின்றன. 2021-இல் அஸ்ட்ராஜெனெகா கொரோனா தடுப்பூசிக்குப் பின் மிக அரிதாகச் சிலருக்குத் தட்டணுவும் குறைந்து மூளைச் சிரைகளில் இரத்தக் கட்டியும் உண்டானது, இவ்விரண்டும் ஒரே உடலில் சேர்ந்து வரக்கூடும் என்பதைப் பலருக்கும் காட்டியது. எனவே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, "எனக்குத்தான் தட்டணு குறைவாயிற்றே" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

சிகிச்சையும் உறைவின் பக்கம் தட்டைச் சாய்க்கலாம். இம்யூனோகுளோபுலினுக்கும், தட்டணு உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ராம்போபேக், ரோமிப்ளோஸ்டிம் ஆகியவற்றுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. ஐம்பதாயிரத்துக்கு மேல் நிலையாக இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதுமானது; ஒன்றரை லட்சத்தை எட்டியே ஆக வேண்டும் என்று அளவைக் கூட்டச் சொல்வது தேவையற்ற ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். எண் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் எல்ட்ராம்போபேக் அளவைக் குறைப்பார்கள், நான்கு லட்சத்தைத் தாண்டினால் நிறுத்தி வைப்பார்கள். ஆனால் நோயாளியே திடீரென்று நிறுத்தினால், எண் முன்பிருந்ததைவிடவும் கீழே சரிந்து கசிவு ஏற்படலாம். இந்த மாத்திரையைக் கால்சியம், இரும்பு போன்ற தாதுக்கள் பிடித்துக்கொள்ளும் என்பதால், பால், தயிர், மோர், கேழ்வரகுக் கஞ்சி, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள், ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்துகள் ஆகியவற்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்போ நான்கு மணி நேரம் பின்போதான் இதை விழுங்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு இதைப் போட்டால் மருந்தின் பெரும்பகுதி உடலில் சேராது. விடியற்காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, பால் காபியை ஏழரை மணிக்குத் தள்ளிவைப்பது நம் வீடுகளுக்கு எளிதாகப் பொருந்தும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவரோ இரத்த உறைவுக்கு மருந்து உட்கொள்பவரோ, ஐ.டி.பி. என்று தெரிந்த அன்றே, உறைவைத் தடுக்கும் அந்த மாத்திரைகளை, ஆஸ்பிரினானாலும், தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கும்போது அவற்றைத் தொடர்வது பெரும்பாலும் இயலும்; அதற்குக் கீழே என்ன செய்வது என்பதை இதய மருத்துவரும் இரத்தவியல் நிபுணரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். மாதவிடாய்ப் பெருக்கு உள்ள பெண்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பெருக்கைக் குறைத்தாலும் உறைவு வாய்ப்பைக் கூட்டுபவை. கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலமும், முன்பு உறைவு ஏற்பட்டவர்களுக்கும் சிறுநீரில் இரத்தம் போகிறவர்களுக்கும் எளிதில் தரத்தக்கது அன்று.

மண்ணீரலை அகற்றும் அறுவைசிகிச்சையை, தாமே குணமடைய வாய்ப்பிருக்கும் முதல் ஆண்டில் அவசரப்பட்டுச் செய்துகொள்ள வேண்டியதில்லை. செய்துகொள்வதென்றால், நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் கிருமிகளுக்கான தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் வயிற்றுவலி விடாமல் இருந்தால், கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் இரத்தக் கட்டி உண்டாகியிருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம். காய்ச்சல் வந்தால், எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும், மாத்திரை போட்டுக் காலைவரை பொறுத்துப் பார்க்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் சென்று, மண்ணீரல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.