பெட்டியை யார் அடுக்குவது? கொழும்பிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் செல்வோருக்கு

வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறது என்றால், அதன் பெட்டியை அடுக்குவது பெரும்பாலும் அந்தப் பிள்ளை அல்ல. அம்மா கறித்தூள் திரித்து வைப்பார், பெரியம்மா எள்ளுருண்டையோடு வருவார், லண்டன் ஹரோவிலோ டொரொன்டோ ஸ்காபரோவிலோ இருக்கும் தன் மகனிடம் சேர்த்துவிடும்படி மேல்மாடிக்காரர் ஒரு பொதியை நீட்டுவார். ஆனால் விமான நிலையத்தில் "இதை நீங்களே அடுக்கினீர்களா?" என்ற கேள்விக்கும், இறங்கும் நாட்டின் சுங்கத்தில் உள்ளே இருப்பவை பற்றிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பயணம் செய்பவரே. ஆகவே பெட்டியை நீங்களே அடுக்குங்கள். பிறர் தருவதைப் பிரித்துப் பார்த்த பின்னரே உள்ளே வையுங்கள். ஒட்டி மூடிய பொதியை எவரிடமிருந்தும் ஏற்காதீர்கள். இதனால் மனத்தாங்கல் வரத்தான் செய்யும். அதைப் பெற்றோர் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

எடையின் வரம்பைப் பயணச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 23 கிலோ, 30 கிலோ என்று அது விமான சேவைக்கேற்ப மாறும். ஆனால் 32 கிலோவுக்கு மேற்பட்ட ஒற்றைப் பெட்டியைப் பெரும்பாலான விமான சேவைகள் ஏற்பதில்லை. புறக்கோட்டையில் கிடைக்கும் கொக்கித் தராசு ஒன்றை வாங்கிவிட்டால், வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து ஒரு கிலோ குறைவாக அடுக்கலாம். என் தமக்கையின் மகள் போனபோது கட்டுநாயக்காவில் பெட்டி மூன்று கிலோ கூடிவிட்டது. வரிசையை விட்டு விலகி, தரையில் பெட்டியைத் திறந்து, இட்லிச் சட்டியையும் இரண்டு போத்தல் ஊறுகாயையும் எடுத்தோம். இட்லிச் சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பெட்டி விமான சேவையின் கைக்குப் போகும்வரை வீட்டாரை வாகனத்தோடு நிற்கச் சொல்வது நல்லது.

கைப்பையில் முதலிடம் கடுதாசிகளுக்கு. கடவுச்சீட்டு, விசா தொடர்பான கடிதங்கள், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், பணத்துக்கான வங்கிச் சான்றுகள், பிரித்தானியா செல்வோராயின் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றைப் பெட்டிக்குள் போடவே கூடாது. பெட்டி ஒரு விமானம் பிந்தி வந்தாலும் எல்லையில் இவற்றைக் காட்டும்படி உங்களைக் கேட்கலாம். க.பொ.த. உயர்தரச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி ஆகியவற்றுக்குப் பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தல் தேவைப்படுமா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் முன்னரே கேளுங்கள், ஏனெனில் அங்கிருந்துகொண்டு இங்கே ஓர் ஆளை வரிசையில் நிறுத்துவது பெரும்பாடு. நம்மவர்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு: பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து விரிந்து நிற்கும். இரண்டும் ஒருவரே என்று கூறும் சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் எழுதி எடுத்துச் செல்வது வீண் வேலையாகாது.

இனிச் சாப்பாடு. போகும் நகரத்தில் தமிழ்க் கடை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். லண்டன், டொரொன்டோ, சிட்னி போன்ற இடங்களில் அரிசி மாவும் பருப்பும் தாராளமாகக் கிடைக்கும். அவற்றைச் சுமப்பது எடையை வீணாக்குவது. சிறிய நகரமானால் வேறு கதை. எங்கும் கிடைக்காதது வீட்டுத் தூள்தான். வறுத்துத் திரித்த தூளைச் சூடு ஆறுமுன் கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும். அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, கையில் சூடே தெரியாமல் போகும்வரை விட்டுவிட்டு, அரைக் கிலோ வீதம் தடித்த பைகளில் அடைத்து, ஒவ்வொன்றையும் இன்னொரு பைக்குள் போட்டு, மேலே ஆங்கிலத்தில் பெயரெழுதுங்கள். தூள் சிந்தினால் அந்தப் பெட்டியிலிருக்கும் உள்ளாடை முதல் கோட்டுவரை ஒரு தவணை முழுக்க மணக்கும்.

கொண்டு போகக் கூடாதவற்றில் பலர் தவறுகிறார்கள். பிரித்தானியாவுக்கு இலங்கையிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே வீட்டு நெய் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போக முடியாது. அவுஸ்திரேலியாவில் உணவுப் பொருள் எதுவானாலும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகாரிகள் கருவாட்டையும் தூளையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், அல்லது எடுத்துவிடலாம், அவ்வளவுதான். மறைத்தால் அங்கேயே தண்டப்பணம் விதிக்கப்படலாம். சம்பல், ஊறுகாய் போன்றவை கைப்பையில் திரவமாகவே கணக்கிடப்படுவதால், 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல்களைப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.

மின்சாதனங்களில் இங்குள்ள சதுர முனை மூன்று பின் பிளக் பிரித்தானியாவில் அப்படியே பொருந்தும். அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அடப்டர் வேண்டும். கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ட் மட்டுமே. எனவே இங்கு 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட ரைஸ் குக்கரைக் கொண்டு போனால், சோறு அவியும் முன் உங்களுக்கு வகுப்பு முடிந்துவிடும், அங்கேயே வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே செல்லலாம்.

மூக்குக் கண்ணாடி அணிபவர் இங்கேயே இரண்டாவது சோடியைச் செய்துகொள்ளுங்கள். பல்லில் வேலை இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் கடை உறையோடும் ஆங்கில மருந்துச் சிட்டையோடும் கைப்பையில் இருக்க வேண்டும்.

உடுப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொழும்பின் ஏற்றுமதி மிச்ச உடுப்புக் கடைகளில் நல்ல ஜாக்கெட் கிடைத்தால் ஒன்றை வாங்கி விமானத்தில் அணிந்து போகலாம், எடையில் சேராது. கடும் பனிக்கான கோட்டை அந்த ஊரில் வாங்குவதே சரி.

பெட்டியை மூடுமுன், மேல் அடுக்கில் ஒரு படுக்கை விரிப்பு, துவாய், சாரம் அல்லது இரவுடை, சவர்க்காரம், சமைக்காமலே பிசைந்து உண்ணக்கூடிய சமபோச மாப் பைக்கற்று ஒன்று ஆகியவற்றை வையுங்கள். மாணவர் விடுதி அறையில் பல இடங்களில் வெறும் மெத்தைதான் இருக்கும். நீங்கள் போய்ச் சேர்வது கடை பூட்டிய பிறகாக இருக்கலாம்.