தண்ணீரில் விழுந்த காரும் பக்கக் கண்ணாடியும்

திருச்சியில் கார் கண்ணாடி மாற்றுவதுதான் என் பிழைப்பு. மேட்டூர் திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததும், கல்லணை ரோட்டில் தினம் போய்வருகிறவர்கள் கேட்பார்கள்: "அண்ணே, கார் தண்ணீரில் விழுந்தால் கண்ணாடியை உடைக்க எந்தச் சுத்தியல் வாங்கலாம்?" சுத்தியல் இருக்கட்டும், முதலில் உங்கள் வண்டிக் கண்ணாடியைப் பாருங்கள்.

பக்கக் கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்து இருக்கும். டெம்பர்ட், டஃபண்ட் என்றிருந்தால் உடைக்கலாம். லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் தாள். விரிசல் விடுமே தவிர ஆள் போக வழி விடாது. எழுத்து தெரியவில்லையா? கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பில் டார்ச் அடியுங்கள். நடுவில் மெல்லிய கோடு ஓடினால் அது லேமினேட்டட். நான்கு கதவையும் தனித்தனியாகப் பாருங்கள். சில வண்டிகளில் முன்கதவில் ஒன்று, பின்கதவில் இன்னொன்று. முன் கண்ணாடி லேமினேட்டட்தான், அதைத் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

2019-ல் அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு, கண்ணாடி உடைக்கும் ஆறு கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டை நான்கு உடைத்தன. லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. சுத்தியலைவிட ஸ்பிரிங் வகை, அதாவது முனையை அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டுக் கண்ணாடியைக் குத்தும் வகை, நன்றாக வேலை செய்தது. தண்ணீருக்குள்ளும் அதுதான் வசதி: அங்கே கையை வீச முடியாது, அழுத்த முடியும். அதன் முனையைக் கண்ணாடியின் மூலைப் பக்கம் நேராக வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்துங்கள். டப்பென்று ஒரு சத்தம், முழுக் கண்ணாடியும் கற்கண்டாகிவிடும். நடுவில் அழுத்தாதீர்கள், அங்கே கண்ணாடி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஹெட்ரெஸ்ட் கம்பியால் உடைக்கும் வீடியோவை எனக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் கம்பியைச் செய்தது அதற்காக அல்ல.

பெல்ட் அறுக்கும் பிளேடும் சேர்ந்த கருவியாக வாங்குங்கள். பெல்ட் போட்டபடி, இருட்டிலும் கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். டிக்கியில் வைத்தால் அது இல்லாத மாதிரிதான். டேஷ்போர்டில் சும்மா கிடந்தால் இன்ஜின் பக்கம் கவிழும்போது எங்கே போய் விழும் என்று தெரியாது.

இவ்வளவு சொன்னாலும் கருவி இரண்டாவதுதான். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஆள் உட்கார்ந்த கார்களையே தண்ணீரில் இறக்கிப் பார்த்தவர். விழுந்ததும் கார் கொஞ்ச நேரம் மிதக்கும். அதிலும் முதல் ஒரு நிமிடம்தான் உங்களுடையது. பெல்ட்டைக் கழற்றுங்கள், பவர் விண்டோவை இறக்குங்கள், பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பி நீங்களும் போங்கள். சுவிட்ச் பெரும்பாலும் அப்போது வேலை செய்யும், செய்யாவிட்டால்தான் கருவி. போன் எடுக்காதீர்கள். கதவையும் தள்ள வேண்டாம்: வெளியே தண்ணீர் ஏறிவிட்டால் அழுத்தம் விடாது, தப்பித்தவறித் திறந்தாலும் வண்டி சீக்கிரம் மூழ்கும். டிரைவர் கதவிலுள்ள விண்டோ லாக் போட்டிருந்தால் பின்சீட்டு சுவிட்ச் வேலை செய்யாது, எனவே பின்கண்ணாடியையும் நீங்களே இறக்குங்கள்.

அப்புறம், சன் ஃபிலிம். கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டது, ஆனாலும் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். டெம்பர்ட் கண்ணாடி நொறுங்கினாலும் ஃபிலிம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு திரை மாதிரி நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் அழுத்தியதோடு நிறுத்தாமல், ஓர் ஓரத்தில் முழங்கையால் இடித்து மொத்தமாக வெளியே தள்ளுங்கள்.