கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டு வேலை: கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டு கழுவச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று கேட்டுப் பாருங்கள். "தம்பி, தட்டை எடு. எடுப்பா. அந்தக் கை இல்ல, இந்தக் கை. குழாயைத் திற. இங்க பாரு. ம், தேய். இன்னும் நல்லா தேய்." பையன் தட்டைப் பார்ப்பதே இல்லை. ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறான்.

கடுமையான அறிவுசார் குறைபாடோ, பல குறைபாடுகள் சேர்ந்தோ உள்ள பிள்ளைகளுக்கு வேலை கற்றுத்தரும்போது நாம் செய்யும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். வாயால் சொல்வது நமக்குச் சுலபம். ஆனால் கொடுத்த உதவியைத் திரும்ப எடுப்பது என்று வரும்போது, பேச்சைப் போல அடம்பிடிக்கும் உதவி வேறு இல்லை. குரல் வந்தால் கை அசையும், குரல் நின்றால் கையும் நின்றுவிடும். அப்படியே பழகிய பிள்ளை, வேலை முழுக்கத் தெரிந்தும் யாராவது சொன்னால்தான் செய்யும்.

பக்கவாட்டிலோ பின்னாலோ நில்லுங்கள். பிள்ளையின் கண் தட்டில் இருக்கட்டும். நின்றுவிட்டால் உடனே உதவாமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்புறமும் அசையவில்லையா, தட்டு தேய்க்கும் நாரை விரலால் காட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் கையைப் பிடித்து உதவலாம். அந்தப் பிடி நாளாக ஆக உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, அங்கிருந்து முழங்கைக்கு என்று பின்வாங்க வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற கல்வியாளர், எதுவும் கற்க முடியாது என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 24 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் முறையில் பேச்சு மிகமிகக் குறைவு.

கையைப் பிடிப்பதிலும் ஒன்று உண்டு. பிள்ளை கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டிச் செய்யவைத்த வேலையைப் பிள்ளை வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும். பார்வையும் இல்லாத பிள்ளை என்றால், உங்கள் கையை அதன் கைக்கு அடியில் வைத்து நீங்கள் தேயுங்கள். பிள்ளை தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, "தட்டு கழுவு" என்பதை ஒரே வேலையாக நினைப்பது. வருஷக்கணக்காகக் கழுவிய நம் கைக்கு அது ஒன்றுதான். பிள்ளைக்கோ மிச்சத்தைக் கொட்டுவது, நனைப்பது, நாரை எடுப்பது, சோப்பில் தொடுவது, உள்பக்கம் தேய்ப்பது, திருப்புவது, வெளிப்பக்கம் தேய்ப்பது, அலசுவது, கூடையில் கவிழ்ப்பது என்று தனித்தனி வேலைகள். இதில் "திருப்புவது" என்ற படியை நாம் எழுதவே மறந்துவிடுவோம். பிள்ளையோ உள்பக்கத்தையே தேய்த்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை நீங்களே கழுவி, ஒவ்வொரு அசைவையும் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எழுதிய பட்டியலை முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நன்றாக வரும். மற்றதை நாம் உதவிச் செய்ய, கூடையில் கவிழ்ப்பதைப் பிள்ளை தானாகச் செய்யட்டும். அது நிலைத்தபின் அலசுவதும் கவிழ்ப்பதும் பிள்ளையுடையது. இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த கை பிள்ளையின் கையாகவே இருக்கும். முதல் படியில் தொடங்கி நடுவில் திணறி, மீதியை நாம் பிடுங்கிச் செய்தால் அந்த நிறைவு கிடைக்காது.

சுத்தமான தட்டைக் கழுவச் சொல்வது, குப்பையே இல்லாத டைல்ஸ் தரையைப் பெருக்கச் சொல்வது, பிளாஸ்டிக் கத்தரிக்காயை நறுக்கச் சொல்வது இவை எல்லாமே வீண். ஏன் செய்கிறோம் என்பது பிள்ளைக்குப் புரிய வழியே இல்லை. பூண்டு உரித்தபின் கிடக்கும் தோலைப் பெருக்கச் சொல்லுங்கள். குப்பை கண்ணுக்குத் தெரியும். தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிட்டால் எங்கே கொண்டு சேர்ப்பது என்பதும் தெரியும். சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்ட உடனே கழுவட்டும். பள்ளியில் திருகு குழாயும் திரவ சோப்பும், வீட்டில் நெம்பு குழாயும் பார் சோப்பும் என்றால், பள்ளியில் கற்றது வீட்டில் தானாக வந்துவிடாது. இரண்டு இடத்திலும் தனித்தனியே பழக்க வேண்டும்.

"முதலில் ஒரு இடத்தில் உட்காரட்டும், நிறம் தெரியட்டும், அப்புறம் வேலை" என்பது பிள்ளையின் வருஷங்களைத் தின்னும் தவறு. சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற அமைப்பு, இந்தப் பிள்ளைகளின் திறன்களை மதிப்பிட உருவாக்கிய எம்.டி.பி.எஸ். என்ற பட்டியலில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 வீதம் 360 திறன்கள் இருக்கின்றன. வீட்டு வேலை அதில் ஒரு தனிப் பிரிவு. எண்ணும் எழுத்தும் முடிந்தபின் திறக்கும் கதவு அல்ல அது. பதினேழு வயதுப் பையன் இன்னும் மணி கோத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. நிறம் தெரியாமலேயே துணி மடிக்கலாம்.

முழு வேலையும் முடியாது என்பதற்காக ஒதுக்குவதும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் இருக்கும், ஒரு கை மட்டும் கொஞ்சம் அசையும் பெண் துணி காயப்போட முடியாதுதான். ஆனால் கிளிப் கூடையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரலாம். கொடியை அவள் நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டினால் கைக்குட்டையை அவளே போடுவாள்.

பிள்ளை மடித்த துண்டை அதன் கண்ணெதிரே உதறி மறுபடி மடிக்காதீர்கள். கோணலாகவே அலமாரிக்குப் போகட்டும். தட்டில் சோப்பு நின்றால் அப்புறம் நீங்கள் அலசிக்கொள்ளலாம். அடுத்த முறை அலசும் படியில் உதவியைக் கொஞ்சம் கூட்டுங்கள், போதும்.

பெண் பிள்ளைக்கு மட்டும் வேலை பழக்கிவிட்டுப் பையனை உட்காரவைப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. அவனும் நாளைக்குச் சாப்பிட வேண்டும், அவன் துணியும் அழுக்காகும். பயிற்சி என்ற பெயரில் மாணவர்களைக் கொண்டு தினமும் பள்ளி முழுவதையும் பெருக்கவைப்பது இதைவிட மோசம். ஒரு வேலை நன்றாக வந்தபிறகும் அதையே நாள் முழுக்கச் செய்யவைத்தால் அது பாடம் இல்லை, கூலியில்லாத வேலை.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். பினாயிலையும் ஆசிடையும் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் பாட்டில் என்றால் குடிக்க என்றுதான் பிள்ளை கற்றிருக்கிறது. வலிப்பு வரும் பிள்ளையை அடுப்பருகிலோ, தண்ணீர் நிறைந்த அண்டா, தொட்டி அருகிலோ தனியாக விடக்கூடாது.

கடைசியாக, நோட்டில் "செய்தான்", "செய்யவில்லை" என்று எழுதுவது. அதை வைத்து யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தப் படியில் என்ன உதவி தேவைப்பட்டது என்று எழுதுங்கள்: "அலசும்போது முழங்கையைத் தொட்டால் போதும், கவிழ்ப்பது தானாகவே." லீவில் வீட்டில் இருக்கும்போது பாட்டியோ அக்காவோ அதைப் படித்துவிட்டு, அதே இடத்திலிருந்து தொடரலாம்.