கனவுக் கத்தியைத் தேடுபவர்கள் சறுக்கும் இடங்கள்

கத்தி சேகரிக்கும் யாரைக் கேட்டாலும் மனதில் ஒரு கத்தி இருக்கும். அலமாரி நிறையக் கத்திகள் இருந்தாலும் அந்த ஒன்று இல்லாத குறை தீராது. அது கைக்கு வராததற்கு விலையும் அருமையும்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வோம். அது பாதி உண்மைதான். தேடுகிறவருக்கே தான் தேடுவது எது என்று முழுசாகத் தெரியாமலிருப்பதுதான் மீதிப் பாதி. போலியிடம் ஏமாறுவது, அவசரப்பட்டு வாங்குவது, கிடைத்த கத்தியைத் தானே கெடுத்துக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பெயரை மட்டும் துரத்துவது

"எனக்கு ஒரு செபென்சா வேண்டும்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கிறிஸ் ரீவ் 1987இல் உருவாக்கிய மடக்குக் கத்தி அது. கைப்பிடித் தகட்டின் ஒரு பகுதியே உள்பக்கமாக வந்து, திறந்த பிளேடைத் தாங்கிப் பிடிக்கும். ஃபிரேம் லாக் என்று இன்று பல நிறுவனங்கள் செய்யும் பூட்டு அதிலிருந்து பரவியதுதான். சரி, எந்த செபென்சா? பெரியதா, சிறியதா? 2008இல் வந்த 21ஆ, 2019இல் வந்த 31ஆ? எஃகு மட்டுமே ஏடிஎஸ்-34, பிஜி-42, எஸ்30வி, எஸ்35விஎன், எஸ்45விஎன், மேக்னாகட் என்று காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அப்புறம் பிளேடின் வடிவம், கைப்பிடியில் மரம் பதித்ததா, வெறும் டைட்டானியமா என்பது வேறு. பெயர் ஒன்று, கத்திகள் பல.

இதை முடிவு செய்யாமல் இறங்கினால் முதலில் கண்ணில் பட்டதை வாங்கிவிடுவோம். சில மாதம் கழித்து உண்மையிலேயே வேண்டியது விற்பனைக்கு வரும்போது கையில் பணம் இருக்காது. தேடும் மாடல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எஃகு, கைப்பிடி, எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். இவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதையும் எழுதுங்கள். எழுத உட்காரும்போதுதான் பலருக்கும் தெரியும், தாம் ஆசைப்பட்டது ஒரு புகைப்படத்துக்கு என்று.

புகைப்படத்தில் கத்தி எப்போதும் அழகுதான். பாக்கெட் கிளிப் உள்ளங்கையில் குத்துமா, கட்டைவிரலுக்குக் குமிழ் எட்டுமா, கைப்பிடியின் தடிமன் உங்கள் விரல்களுக்குச் சரிவருமா என்பதெல்லாம் அதில் தெரியாது. முடிந்தால் வாங்குவதற்கு முன் ஒருமுறையாவது கையில் பிடித்துப் பாருங்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடக்கும் பிளேடு ஷோ போன்ற கண்காட்சிகளுக்கு ஆட்கள் கடல் கடந்து போவது இதற்காகவும்தான். அங்கேயும் ஒரு முறை உண்டு. செய்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். பிளேடின் மேல் விரல் வைக்கக் கூடாது, ஏனென்றால் விரல் வியர்வையின் உப்பே கார்பன் எஃகில் துருவாக மாறப் போதும்.

'இதுவும் பரவாயில்லை' கத்திகள்

கனவுக்குக் கொஞ்சம் கீழே உள்ள கத்திகள்தான் பெரிய பண விழுங்கிகள். அதே பாணி, அதே எஃகு, விலை குறைவு என்று ஒன்று வாங்குவோம். மனம் அடங்காது, இன்னொன்று வரும். யானைக்குச் சேர்த்த காசில் பூனை பூனையாக வாங்கி முடிப்பதுதான் இது. அவற்றைத் திருப்பி விற்கும்போது பெரும்பாலும் நஷ்டம்தான் வரும். ஒரு வகையை முயன்று பார்க்க வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றை, அதுவும் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய கத்தியாக வாங்கிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏறக்குறைய வாங்கிய விலைக்கே போகும்.

எஃகுப் பட்டியலில் மயங்குவது

மேக்னாகட் 2021இல் வந்தது. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்தது. துருப்பிடிக்காத தன்மையையும் முறியாத உறுதியையும் நன்றாகச் சேர்த்து வைத்த எஃகு என்பதில் சந்தேகமில்லை. அதற்காகக் கையிலிருப்பது எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிடாது. போலர் நிறுவனத்தின் எம்390, குரூசிபிளின் 20சிவி, கார்பென்டரின் 204பி மூன்றும் ஏறத்தாழ ஒரே கலவை. அவற்றில் எது சிறந்தது என்று நாள்கணக்கில் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எஃகை எந்தச் சூட்டில் வைத்து, எப்படிக் குளிரவைத்து, எந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் கத்தியின் குணத்தை முடிவு செய்கிறது. கூருக்குப் பின்னால் பிளேடு எவ்வளவு மெலிதாக இறங்குகிறது என்பதும் அப்படியே. தடித்த பிளேடில் எந்த எஃகைப் போட்டாலும் வெட்டும்போது ஆப்பு மாதிரி சிக்கும்.

அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் பாப் லவ்லெஸ் 1970களில் 154சிஎம் எஃகில் செய்த வேட்டைக் கத்திகளை எஃகுப் பட்டியலை வைத்து யாரும் தேடுவதில்லை. பிளேடின் முதுகு மெல்ல இறங்கி முனையைச் சேரும் அந்தக் கோட்டுக்காகத்தான் தேடுகிறார்கள்.

போலியைப் பார்க்கத் தெரியாமல் போவது

லவ்லெஸ் 2010இல் இறந்தார். அவர் பெயரில் போலிகள் அவர் இருக்கும்போதே புழங்கின. புகழ்பெற்ற மடக்குக் கத்திகளின் நிலைமையும் அதுதான். "விலை குறைவாக இருந்தால் போலி" என்ற பழைய கணக்கு இப்போது உதவாது. கெட்டிக்காரப் போலிக்காரர் அசல் விலையை ஒட்டித்தான் விலை சொல்வார்.

டைட்டானியம் கைப்பிடி என்று சொன்னால் முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். தகடு காந்தத்தை இழுத்தால் பேச்சே வேண்டாம், போலிதான். இழுக்கவில்லை என்றால் அசல் என்று ஆகிவிடாது, ஏனென்றால் போலிகளிலும் நிஜ டைட்டானியம் வரத் தொடங்கிவிட்டது. அடுத்து எடையையும் தடிமனையும் நிறுவனம் வெளியிட்ட அளவுகளோடு ஒப்பிடுங்கள். பிளேடை மெதுவாகத் திறந்து, பூட்டுத் தகடு பிளேடின் அடியில் எங்கே போய் உட்காருகிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. திருகாணித் தலைகளின் விளிம்பு, துளைகளின் ஓரம், எழுத்துகளின் ஆழம் ஆகிய சின்ன இடங்களில்தான் போலிக்காரர் சோம்பல்படுவார். எஃகின் பெயரைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. எக்ஸ்ரே கருவி கலவையைச் சொல்லும், பதத்தைச் சொல்லாது.

பழைய பாக்கெட் கத்திகளில் ஏமாற்று வேறு ரகம். கத்தி அசலாகவே இருக்கும், வயதுதான் பொய்யாக இருக்கும். அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1940 முதல் 1964 வரை பிளேடின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று பொறித்தார்கள். 1965 முதல் 1969 வரை அதோடு 'யுஎஸ்ஏ' சேர்ந்தது. 1970இல் கீழே 10 புள்ளிகள் வைத்தார்கள், பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. 1975 என்றால் 5 புள்ளிகள். ஆக, புள்ளிகளைத் தேய்த்து அழித்தால் கத்திக்கு வயது கூடிவிடும், விலையும் கூடிவிடும். பூதக்கண்ணாடியைப் பிடித்து, பொறித்த இடத்தின் மேல் விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்படி கத்தியைத் திருப்புங்கள். தேய்த்த இடம் லேசாகக் குழிந்திருக்கும், அங்கே வந்ததும் ஒளிக்கோடு நெளியும். எழுத்துகளின் ஓரமும் கரைந்தது போல மழுங்கியிருக்கும்.

மாடல் எண்ணையும் படிக்கப் பழகுங்கள். 6254 என்றால் 6 எலும்புக் கைப்பிடி, 2 பிளேடுகளின் எண்ணிக்கை, 54 வடிவம். மஞ்சள் செயற்கைக் கைப்பிடிக்கு எண் 3. மஞ்சள் கைப்பிடியில் 6254 என்று பொறித்திருந்தால் யாரோ கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள், அல்லது பிளேடை. இரு முனைகளிலும் உள்ள உலோகக் காப்பில் ரிவெட்டின் வட்டம் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தொழிற்சாலையில் அது தெரியாதபடி தேய்த்துச் சமன் செய்திருப்பார்கள். தெரிந்தால் கத்தியைப் பிரித்துச் சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு.

டமாஸ்கஸ் எனப்படும் கோலம் தெரியும் எஃகில் இன்னும் குழப்பம். பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு மண்குகையில், அதாவது சிறு மண்கலத்தில், உருக்கியது. அதில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. இன்று கத்தியில் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காகச் சூட்டில் இணைத்து, அமிலத்தில் நனைத்துக் கோலத்தை வெளிக்கொண்டுவந்தது. இந்த வேலையை அமெரிக்காவில் மறுபடி பிரபலமாக்கியவர் பில் மோரன், 1973இல். இரண்டும் நல்ல வேலைதான். ஒன்றை இன்னொன்றின் பெயரில் விற்றால்தான் சிக்கல். சாதாரண எஃகின் மேல் கோலத்தை வெறுமனே அரித்து வரைந்ததும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க பிளேடின் பக்கத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். அசல் என்றால் அடுக்குகளின் கோடுகள் முதுகிலும் தொடர்ந்து ஓடும். வரைந்தது என்றால் ஓரத்தோடு நின்றுவிடும்.

பணம் கொடுப்பதில் அவசரம்

பேர் பெற்ற கைவினைஞர்களிடம் ஆர்டர் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் ராண்டல் பட்டறையின் காத்திருப்புப் பட்டியல் இதற்குப் பேர்போனது. காத்திருப்பதில் தவறில்லை. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் தவறு. செய்பவருக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், அவர் தொழிலையே விடலாம். வேலை முடியும் தருவாயில் பணம் வாங்கும் கைவினைஞர்கள் உண்டு. முன்பணம் கேட்டால் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது, கத்திக்குப் பக்கத்தில் இன்றைய தேதியும் அவர் பெயரும் கையால் எழுதிய சீட்டு வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். பேபாலில் நண்பர்கள்-குடும்பம் என்ற வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. அந்த வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரை விட்டு விலகுங்கள். கனவுக் கத்தி என்றால் இதையெல்லாம் கேட்கக் கூச்சம் வரும். எங்கே கைநழுவிவிடுமோ என்ற பயம்தான் அது. நேர்மையான விற்பனையாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை.

சட்டத்தை வாங்கிய பிறகு பார்ப்பது

பிளேடின் நீளம், பூட்டு, பொத்தானை அழுத்தினால் திறக்குமா என்பதையெல்லாம் பொறுத்து நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பொத்தான் கத்தியை வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். தந்தக் கைப்பிடி இன்னும் தலைவலி. 1989இல் ஆப்பிரிக்க யானையை சைட்டிஸ் என்ற வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்க முடிவானதிலிருந்து, ஆவணம் இல்லாத தந்தம் எல்லை தாண்டினால் பறிபோக வேண்டியதுதான். "இது மாமத் தந்தம்", அதாவது அழிந்துபோன பழங்கால யானையினத்தின் தந்தம், என்று விற்பவர் சொல்லலாம். குறுக்குவெட்டில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் வெளிவிளிம்புப் பக்கம் 90 பாகைக்குக் குறைவாகச் சந்தித்தால் மாமத், 115 பாகைக்கு மேல் என்றால் யானை. கைப்பிடியின் பின்முனையில் சில சமயம் இது தெரியும்.

கிடைத்த பிறகு கெடுப்பது

தோல் உறை கத்திக்காகச் செய்ததுதான், ஆனால் கத்தியை அதிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். பிளேடில் துரு புள்ளியிடும், பித்தளையில் பச்சை படியும். உறையைத் தனியாக வையுங்கள், தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பழைய கத்தியின் காலத்தைக் கண்டுபிடிக்க உறையில் உள்ள முத்திரையும் உதவும்.

செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடிதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான ஆள். அது அழியத் தொடங்கும்போது அமில ஆவி கிளம்பும். மூடிய பெட்டியைத் திறந்தால் சூடம் வாசனையோடு ஒரு காரம் மூக்கில் ஏறும். கைப்பிடியில் நுணுக்கமாக வெடிப்பு ஓடியிருக்கும். அதைவிட வேதனை, அதோடு ஒரே பெட்டியில் இருந்த மற்றக் கத்திகளின் பிளேடுகளும் துருப்பிடித்திருக்கும். செல்லுலாய்டு கத்திகளைப் பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால், அடையாளம் காண சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம்.

பிளேடுக்கு மெல்லிய பூச்சாக மினரல் ஆயிலோ ரெனேசான்ஸ் மெழுகோ போதும். இந்த மெழுகு பிரிட்டிஷ் மியூசியத்தில் பழம்பொருட்களுக்காக உருவானது. சமையல் எண்ணெய் தடவினால் நாள்பட்டுப் பிசினாகிவிடும்.

பளபளப்பாக்கும் ஆசையை அடக்குவது கஷ்டம்தான். ஆனால் பழைய கார்பன் எஃகில் படிந்த சாம்பல் நிறம் அழுக்கு அல்ல. சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் விட்டு மெல்ல எடுத்தால் போதும். சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினால் பொறித்த எழுத்தும் மழுங்கும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது அதுவே சந்தேகத்துக்கு இடமாகும். பிரித்துப் பார்ப்பதும் அப்படித்தான். சில நிறுவனங்கள் கருவியையும் கொடுத்துப் பிரிக்கவும் அனுமதிக்கின்றன, சில நிறுவனங்களில் பிரித்த நிமிடமே வாரண்டி போய்விடும். ஸ்க்ரூவைத் தொடும் முன் படித்துவிடுங்கள்.

கூர் போட வேண்டி வந்தால் மின்சாரச் சாணைக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றும் சக்கரம் மெல்லிய கூர் விளிம்பைச் சூடாக்கிப் பதத்தை எடுத்துவிடும், நீலம் பாரித்திருந்தால் போனது போனதுதான். கல்லில் கையால் தீட்டத் தெரிந்தால் நீங்களே செய்யலாம். இல்லையென்றால் செய்தவருக்கே அனுப்புங்கள், பலர் தங்கள் கத்திகளைத் தாங்களே கூர் போட்டுத் தருகிறார்கள். அனுப்பும்போது "கூர் மட்டும் போதும், பளபளப்பாக்க வேண்டாம்" என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.